அன்றைக்கே போட்ட கம்பி

எலும்பு வார்டில் அவருக்கு எடைக்கல் என்று பெயர். ஆள் என்னவோ பூஞ்சை, ஐம்பது கிலோ தேறமாட்டார். தொடை எலும்பு முறிந்து வருகிறவர்களின் காலில் கயிறு கட்டி, கட்டிலுக்கு வெளியே எடைகளைத் தொங்கவிட்டு, எலும்பை இழுத்து நிறுத்துவது இருபத்தாறு வருஷமாக அவர் வேலை.

அவர் சேர்ந்த புதிதில், உடம்பெல்லாம் அடிபட்டு வருகிறவர்களுக்கு டாக்டர்கள் சொன்ன வைத்தியம் ஒன்றுதான்: "உடம்பு தேறட்டும், அப்புறம் ஆபரேஷன்." தேறுவதற்காக வாரக்கணக்கில் மல்லாக்கப் போட்டார்கள். மல்லாக்கப் போட்டதிலேயே நெஞ்சில் சளி கட்டி, முதுகு புண்ணாகி, பலர் தேறாமல் போனார்கள். தான் கட்டிய கயிற்றைத் தானே அவிழ்த்துக்கொண்டு வருவார் எடைக்கல்.

பிறகு பெரிய டாக்டர் வந்தார். தொடை எலும்பு முறிந்தால் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் எலும்புக்குள்ளே கம்பி இறக்கியாக வேண்டும் என்றார். மூன்றாம் நாளே ஆட்கள் எழுந்து உட்கார்ந்து, தலைவாரச் சீப்பு கேட்டார்கள். எடைக்கல்லின் வேலை பாதியாகக் குறைந்தது. தன் பிழைப்பில் மண்ணைப் போட்ட அந்தச் சட்டத்தை அவரே வேதவாக்காகப் பிடித்துக்கொண்டதுதான் வேடிக்கை.

அதற்கும் பின்னால் சின்ன டாக்டர் வந்தார். அடி மிகப் பலமென்றால் முதல் நாளே உள்ளே கம்பி வேண்டாம், தோலுக்கு வெளியே இரும்புச் சட்டம் மாட்டி எலும்பை அசையாமல் நிறுத்தலாம், ஆள் நிதானப்பட்டதும் கம்பி போடலாம் என்பது அவர் கட்சி. பெரும்பாலும் சாலையில் அடிபட்டு, யாரென்றே தெரியாமல் வருகிறவர்களுக்குத்தான் அடி பலமாக இருந்தது. வெளிச்சட்டமும் அவர்கள் காலில்தான் அதிகம் ஏறியது. எடைக்கல் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டார்: கேட்க நாதியில்லாதவனுக்கு வெளிச்சட்டம், ஆள் இருக்கிறவனுக்கு அன்றைக்கே கம்பி. வார்டில் இருபத்தாறு வருஷம் இருந்தவருக்குத்தான் இப்படி ஒரு தப்பு செய்ய வரும். வெளியாளாக இருந்தால், டாக்டர் சொன்னதை அப்படியே நம்பியிருப்பான்.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு அவர் தங்கையின் புருஷனைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்திருந்தார். இடது தொடை முறிவு, விலா எலும்பு நாலு முறிவு, நுரையீரலில் ரத்தக்கட்டு.

சின்ன டாக்டர் எடைக்கல்லை ஓரமாக அழைத்துப் போனார். "அண்ணே, இன்னிக்கு வெளிச்சட்டம் மாட்டிடலாம். ரத்தத்துல அமிலம் எக்கச்சக்கமா ஏறியிருக்கு. இப்பக் கம்பி இறக்கினா எலும்புக்குள்ள இருக்கிற கொழுப்பு கிளம்பி நுரையீரலுக்குத்தான் போகும். அங்க ஏற்கனவே இடம் இல்ல. நாலஞ்சு நாள் பொறுங்க."

"உடம்பு தேறட்டும்னு சொல்றீங்க."

"அந்தக் காலத்துப் பேச்சு இல்லண்ணே இது. சும்மாப் போட்டு வைக்கப்போறதில்லயே."

"சரி சார்," என்றார் எடைக்கல். அவர் சரி என்றால் சரியில்லை என்று அர்த்தம் என்பது சின்ன டாக்டருக்குத் தெரியாது. வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

நடையில் தங்கை உட்கார்ந்திருந்தாள். "அண்ணா, நீ இங்க இருக்கிறதுதான் எனக்குத் தைரியம்," என்றாள். அது போதுமானதாக இருந்தது. எடைக்கல் நேரே பெரிய டாக்டரின் அறைக்குப் போனார். இருபத்தாறு வருஷத்தில் தனக்கென்று அவர் எதுவும் கேட்டதில்லை.

"சார், உங்க இருபத்துநாலு மணி நேரச் சட்டம் எங்க வீட்டு ஆளுக்கு மட்டும் கிடையாதா?"

பெரிய டாக்டர் தலையை நிமிர்த்தினார். தான் போட்ட சட்டத்தை நினைவூட்டினால் எந்த மனிதனுக்குத்தான் நெஞ்சு விரியாது? "யார் நிறுத்தினது?" என்றார்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா இரண்டு முறை வேண்டாம் என்றார். சின்ன டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைக் கொண்டுபோய் நீட்டினார். மதியம் இரண்டரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். நாலரைக்குக் கம்பி இறங்கிவிட்டது. எக்ஸ்ரேயைப் பார்த்த பெரிய டாக்டர், "படத்துல வரைஞ்ச மாதிரி இருக்கு," என்றார். அது நிஜம். அவ்வளவு நேரான எலும்பை எடைக்கல் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் மாப்பிள்ளைக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மத்தியானம் வெண்டிலேட்டர் வைத்தார்கள். நெஞ்சு எக்ஸ்ரே முழுக்க வெள்ளை, நுரையீரலில் காற்றுக்கு இடமே இல்லை. எடைக்கல் தினமும் போய்க் கட்டிலின் கால்மாட்டில் நிற்பார். தொங்கவிட எடை இல்லாததால் கைகளை என்ன செய்வதென்று தெரியாது. பதினோராம் நாள் ஆள் போய்விட்டார். தொடை மட்டும் கடைசிவரை ஒரு குறையும் சொல்லவில்லை.

எடைக்கல் சின்ன டாக்டரிடம் போய் நின்றார். நன்றாகத் திட்டு வாங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"வெளிச்சட்டம் மாட்டியிருந்தாலும் போயிருக்கலாம்ண்ணே," என்றார் சின்ன டாக்டர், கையெழுத்துப் போட்டுக்கொண்டே. "யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது."

திட்டு வாங்கி மனசு ஆற அந்த ஒரு வாசல்தான் இருந்தது. அதையும் அடைத்துவிட்டார். வார்டின் மாதக் கூட்டத்தில், இருபத்துநாலு மணி நேரத்துக்குள் கம்பி போட்டவர்கள் என்று வாசித்த பட்டியலில் மாப்பிள்ளையும் இருந்தார். எல்லாரும் கை தட்டினார்கள்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களால் தங்கையின் இரண்டு அறை வீடு நிறைந்திருந்தது. எடைக்கல் உள்ளே நுழைந்ததும் அவள் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கண்ணன் மட்டும் இல்லன்னா அவரை நாலு நாள் கிடப்பில போட்டிருப்பாங்க. பெரிய டாக்டர்கிட்டயே போய்ச் சண்டை போட்டு அன்னிக்கே பண்ண வச்சாரு. நம்ம பக்கம் ஒரு குறையும் வைக்கல."

எடைக்கல் வாயைத் திறந்தார். "அதில்லம்மா..." என்றார்.

"சும்மா இருண்ணா. நீ செஞ்சதை நான் சொல்லாம யார் சொல்றது?"

எல்லாரும் அவரை மரியாதையாகப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் நாற்காலியை அவர் அருகே நகர்த்திப் போட்டுக்கொண்டு, தணிந்த குரலில், "தப்பா நினைக்காதீங்க. நாளைக்கு நம்ம வீட்டுல ஒண்ணுன்னா சொல்றதுக்கு ஆள் வேணும் பாருங்க. உங்க போன் நம்பர் கிடைக்குமா?" என்றார்.

எடைக்கல் நம்பரைச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் ஓர் எண்ணைத் தப்பாகக் குறித்துக்கொண்டதைப் பார்த்துத் திருத்தியும் கொடுத்தார்.