நான் குடிக்காத முதல் கரண்டி

2006-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் நடந்தது இது. அப்போது நாங்கள் கலிஃபோர்னியாவில் சான்டா கிளாராவில் குடியிருந்தோம். ரமலான் நோன்பு நடந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து என் கணவரின் மேனேஜர் எங்களைச் சாப்பாட்டுத் திருவிழாவுக்குக் கூப்பிட்டார்!

மேனேஜருக்குச் சொந்த ஊர் சியரா மலைமேல் ஒரு சின்ன கிராமம். அவர்களுடைய முன்னோர் சுவிட்சர்லாந்து மலைப்பகுதியிலிருந்து வந்தவர்களாம். கோடை முழுக்க மாடுகளை மேல்மலையில் மேயவிட்டு, பனி விழுவதற்கு முன்னால் கீழே ஓட்டி வருவார்கள். அன்றைக்கு ஊரே கொண்டாடும். ஒவ்வொரு குடும்பமும் ஒரு பெரிய பானை சூப் வைக்கும், நல்ல சூப்புக்குப் பரிசு உண்டு. முந்தைய வருடம் எங்கள் வீட்டு நோன்புக் கஞ்சியை 'ரைஸ் சூப்' என்று சொல்லி என் கணவர் ஆபீஸுக்கு எடுத்துப் போயிருந்தார். அந்த ருசியில் மயங்கித்தான் மேனேஜர், "உன் மனைவியும் ஒரு பானை வைக்கட்டும்" என்றார். கிரீன் கார்டு பேப்பரில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்த வருடத்திலிருந்து என் கணவர் நோன்பு பிடிப்பதை ஆபீஸில் சொல்வதில்லை. ரமலான் பிறந்தால் அவருக்கு அல்சர் வந்துவிடும். பெருநாளன்று சரியாகிவிடும். வெளியே தலை காட்டாமல் இருந்தால் வம்பில்லை என்பது அவர் கட்சி. எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

சனிக்கிழமை விடியுமுன் சஹர் சாப்பாட்டை முடித்துக் கிளம்பினோம். மலை ஏற ஏறக் குளிர் எடுத்தது. மதியத்துக்கு மேல் மாடுகள் இறங்கி வந்தன. தலையில் பூக்கிரீடம், கழுத்தில் குடம் அளவு மணி. நம் ஊர் மாட்டுப் பொங்கல் மாதிரிதான். திடலைச் சுற்றி வறுத்த வெங்காயமும் உருகிய சீஸும் ஆப்பிளும் மணந்தன. வெறும் வயிற்றோடு அங்கே நிற்பது லேசான காரியமில்லை.

ஆனாலும் நான் அடுப்பு மூட்டி, பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், வீட்டிலிருந்து கொண்டுபோன ஹலால் கொத்துக்கறி எல்லாம் போட்டுக் கஞ்சி காய்ச்சினேன். நுனி நாக்கில்கூட வைத்துப் பார்க்கவில்லை. வாசனையிலேயே உப்பைச் சொல்லிவிடுவேன் என்கிற திமிர் எனக்கு!

நான்கு மணி வாக்கில் மேனேஜரின் அத்தை வந்தார். எழுபதைத் தாண்டியவர். அந்தத் திடலில் அவர் வைத்ததுதான் சட்டம். கரண்டியை என் கையில் கொடுத்து, "குடி" என்றார். சமைத்தவர் எல்லோர் முன்னாலும் முதல் கரண்டியைக் குடித்த பிறகுதான் மற்றவர்கள் அந்தப் பானையில் கைவைப்பார்களாம். தலைமுறை தலைமுறையாக அதுதான் வழக்கமாம்.

"இப்போது முடியாது, சூரியன் மறைந்ததும் குடிக்கிறேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. அதற்குள் பரிசு கொடுத்து முடித்துவிடுவோம் என்றார்.

என் கணவர் காதருகே வந்து கிசுகிசுத்தார். "ஒரு வாய்தானே? பயணத்துல நோன்பை விட சலுகை இருக்குல்ல? பின்னாடி ஒரு நாள் பிடிச்சுக்கலாம். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அந்தச் சலுகை களைச்சுப்போன பயணிக்குங்க. பயந்தவளுக்கு இல்ல" என்றேன்.

பிறகு எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். இது ரமலான் மாதம், நான் முஸ்லிம், நோன்பு வைத்திருக்கிறேன். தொப்பி போட்ட ஊர்க்காரர் ஒருவர் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு விலகிப் போனார். எனக்குப் பயம்தான். அதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று பானையை ஒட்டி நின்றுகொண்டேன்.

மேனேஜர் என் கணவரைப் பார்த்தார். "அப்படியானால் உன் அல்சர்?"

என் கணவர் காரைப் பார்த்து நடந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். முகம் வெளிறிப்போயிருந்தது. ஆனால், "அல்சர் எதுவும் இல்லை. நானும் நோன்புதான்" என்றார்.

"வருடா வருடம் உனக்கு டாக்டர் தேடிக் கொடுத்தேனே!" என்றார் மேனேஜர். அது கோபமா வருத்தமா என்று தெரியவில்லை. திரும்பிப் போய்விட்டார்.

அத்தை என் பானையில் ஒட்டியிருந்த போட்டி எண்ணைப் பிய்த்தார். அடுப்பிலிருந்தும் இறக்கச் சொன்னார். "போட்டியிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், அடுப்பிலிருந்து எடுக்க விடமாட்டேன்" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

பரிசு ஒரு பூசணிக்காய் சூப்புக்குப் போனது. நானும் கைதட்டினேன். சூரியன் மலை முகட்டுக்குப் பின்னால் இறங்கியதும் பக்கத்து அடுப்புக்காரர், "அதான் மறைந்துவிட்டதே!" என்றார். மலை மறைத்தால் ஆகுமா? எங்கள் பள்ளிவாசல் காலண்டர்படி இன்னும் நேரம் இருந்தது. குளிரில் விரல் மரத்துப்போக, கஞ்சியைக் கிண்டிக்கொண்டே நின்றேன். என் கணவர் விறகைத் தள்ளிக் கொடுத்தார்.

நேரம் வந்தது. இருவரும் பேரீச்சம்பழம் கடித்துத் தண்ணீர் குடித்தோம். முதல் கரண்டியை நான் குடித்தேன். அய்யோ, உப்பே இல்லை! முகத்தில் காட்டிக்கொள்வேனா? ரசித்துக் குடிப்பதுபோல் குடித்து நிமிர்ந்தேன். எதிரே அந்த அத்தை காலிக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"நீ குடித்துவிட்டாய். இனி நான் குடிக்கலாம்" என்றார். ஒரு வாய் குடித்ததும், "உப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் உப்பு டப்பாவோடு வந்தார். சட்டத்தை வளைக்காததற்கு அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் பின்னால் ஒரு பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். தொப்பிக்காரர் வரவில்லை. மேனேஜரும் வரவில்லை.

திரும்பி வரும்போது காரில், "பேப்பர் என்னாகும்னு தெரியல" என்றார் என் கணவர். "ஆகறது ஆகட்டும்" என்றேன். கிரீன் கார்டு கைக்கு வர ரொம்ப நாள் இழுத்தது. அதற்கு அந்தச் சாயங்காலம்தான் காரணமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை.

ஒளிந்து வாழ்ந்தால் நம்மை யாரும் வெறுக்க மாட்டார்கள் என்பது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் அப்படி வாழ்ந்தால் நமக்காக யாரும் காலிக் கிண்ணத்தோடு காத்து நிற்கவும் மாட்டார்கள்.