ஊசி போகும், தண்ணீர் போகாது

ஜானகிக்கு இத்தாலிய மொழி தெரியும் என்பது மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் பாதிப் பேருக்குத் தெரியாது. கொழும்பில் கணவர் ஓர் இத்தாலியக் கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்த ஆறு வருஷத்தில், பக்கத்து வீட்டு இத்தாலியக்காரியிடம் கற்றுக்கொண்டது. அவர் காலமானபின் அண்ணா சுப்பராமனின் வீட்டுக்கு வந்தாள். வியாபாரிகளுக்குக் கடிதங்களை மொழிபெயர்த்துக் கொடுத்தாள். கையெழுத்து மட்டும் அண்ணாவுடையது. பொம்மனாட்டி பெயர் போட்டால் எவன் மதிப்பான் என்பது வக்கீலான அவர் வாதம். இத்தாலியத்தில் அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. தெரியாததற்குக் கையெழுத்துப் போட வக்கீலுக்குச் சொல்லியா தர வேண்டும்? ஒரு காகிதத்திலாவது தன் பெயர் ஏறாதா என்று ஜானகி ஏங்கினாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம் ஆவணியில், கச்சேரி ரோட்டுத் தார்ப்பாய்க்காரர் வலியுல்லா வந்தார். ஜெனோவாக் கப்பல்காரர்கள் அவர் சரக்குக்கு இத்தாலியத்தில் ஒரு சான்று கேட்டிருந்தார்கள். இங்கிலீஷ் நகலில் ‘இம்பர்வியஸ்னெஸ்’, அதாவது உள்ளே புகவிடாமை, என்று ஒரு வார்த்தை. தொட்டுப் பார்க்கச் சொல்லித் துணியை நீட்டினார். எண்ணெய் வாடை அடிக்கும் அதை வாசல்படி தாண்ட அண்ணாவின் மனைவி, மன்னி, விடவில்லை; மடி ஆசாரம் கெட்டுவிடுமாம். ஜானகி அகராதியைப் புரட்டினாள். இருந்தவற்றில் கம்பீரமாகத் தெரிந்த ‘இம்பெனெத்ராபிலிதா’வை எழுதினாள்.

எழுதியதைத் தமிழில் சொல்லக் கேட்காமல் வலியுல்லா எந்தக் காகிதத்தையும் வாங்கமாட்டார். எதுவுமே ஊடுருவ முடியாத தன்மை என்று ஜானகி சொன்னாள். அவர் முகம் சுருங்கியது.

“ஊசி பூந்துதானே தெச்சுக் கீறோம், அம்மா? தண்ணிதான் உள்ள போவாது. அத்த மட்டும் எழுதுங்க.”

ஜானகிக்குச் சுருக்கென்றது. தொடாத துணிக்குச் சான்று எழுதிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. அன்று மத்தியானமே தாளோடு அவர் பட்டறைக்குப் போனாள். நாலு மூங்கிலில் கட்டித் தொங்கிய தார்ப்பாயில் காலையில் ஊற்றிய தண்ணீர் அப்படியே நின்றது. ஒரு சொட்டு விழுந்தாலும் தெரியும்படி கீழே சுண்ணாம்புப் பொடி தூவியிருந்தது. வலியுல்லாவின் மனைவி ஹாஜிரா பீ, ஜானகியின் கையைப் பிடித்துத் துணிக்கு அடியில் வைத்தாள். தண்ணீரின் கனம் தெரிந்தது, குளிர்ச்சி தெரிந்தது. உள்ளங்கையில் ஈரமே இல்லை. ஆறு வருஷம் படித்த மொழியை இன்றுதான் தொட்டதுபோல் இருந்தது. சந்தோஷத்தில் கண் கலங்கிற்று.

அங்கேயே பழையதை அடித்துவிட்டு ‘இம்பெர்மெயாபிலிதா’ என்று எழுதினாள். தண்ணீர் புகாத தன்மை, அவ்வளவுதான்.

சாயங்காலம் வாசலில் சுப்பராமன் பேனாவைத் திறந்தார். வலியுல்லா தாளை மெல்ல இழுத்துக்கொண்டார்.

“துணிக்கு அடியில கை வெச்சுப் பாத்தது அம்மாதான், வக்கீலய்யா. அவங்க பேருதான் வோணும்.”

பெண் பெயரைப் பார்த்தால் ஆர்டர் கைவிட்டுப் போகும் என்று சுப்பராமன் எச்சரித்தார். போனால் போகட்டும் என்றார் வலியுல்லா.

சுப்பராமன் பேனாவை மூடவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. எண்ணெய்க் கையோடு ஜானகியே அதை வாங்கிக்கொண்டு, வாசல்படியில் உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து மன்னி, குளித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்று குரல் கொடுத்தாள்.

“வெந்நீர் போடுங்கோ மன்னி. கையெழுத்துப் போட்டுட்டு வரேன்.”