வீட்டின் மேல் கிடந்த தார்ப்பாய்

லாரி லோடுக்குத் தார்ப்பாய் போட ஒரு முறை இருக்கிறது. இரண்டு பாய் என்றால் பின்பாயை முதலில் விரிக்க வேண்டும். முன்பாயின் ஓரம் அதன் மேல் ஏறி உட்கார வேண்டும். மாற்றிப் போட்டால் ஓட்டத்தில் காற்று புகுந்து பாயைப் பட்டம் விட்டுவிடும். எங்கள் முதலாளிக்கு இதெல்லாம் அத்துப்படி. கிழிந்த பாயை எப்படிப் போட்டாலும் ஒழுகும் என்பது மட்டும் அவர் மண்டையில் ஏறாது.

இரண்டாயிரமாவது வருஷத்தை ஒட்டிய ஓர் ஐப்பசி மாதம். சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் இருந்த குடோனில் லோடு ஏற்றினார்கள். நான் ஓட்டியது பக்கப்பலகை இல்லாத தட்டை வண்டி. திருவிடந்தையில் கடலைப் பார்த்துக் கட்டிக்கொண்டிருந்த ஓர் ஓட்டலுக்கு, அறைகளின் உள்கூரையில் அடிக்கிற வெள்ளைப் பலகைகள். தண்ணீர் பட்டால் அப்பளம் மாதிரி நமத்துப்போகும். போன நடையிலேயே நாலைந்து நமத்துவிட்டன. பின்பாய் நடுவில் ஆள் நுழைகிற அளவுக்குக் கிழிந்திருந்தது. முதலாளியிடம் விரித்துக் காட்டினேன்.

"வேற பாய் இல்ல. இந்தத் தபா ஒரு பலகை நனைஞ்சாலும் சாவிய வெச்சிட்டுப் போய்கினே இரு" என்றார்.

கிழிந்ததையே கட்டிக்கொண்டு கிளம்பினேன், வேறு வேலைக்கு வழியில்லை. எங்கள் காலனியில் பாதிப் பேர் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எட்டாவது படித்த என்னை எந்தக் கம்பெனி வாசலிலும் விடவில்லை. எனக்குத் தெரிந்தது ஸ்டியரிங்கும் கயிறும்தான்.

என் வீடு செங்கல்பட்டு தாண்டி, திருக்கழுக்குன்றம் போகிற வழியில். கூரை ஓலை மக்கிவிட்டது. யாரோ ஒரு பழைய லாரியை உடைத்தபோது வாங்கி வந்த நல்ல தார்ப்பாயை அதன் மேல் போட்டு, லோடு கட்டுவது போலவே கயிறு இழுத்துக் கட்டியிருந்தேன். அடியில் என் மனைவியும், பிறந்து ஒரு மாதம் ஆகாத எங்கள் பெண் குழந்தையும்.

வண்டியை வீட்டெதிரே நிறுத்தினேன். காலை மழை விட்டிருந்தது. கேட்க வாய் வராமல் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுக்கா புரியாது?

"இன்னா, பாய் ஓணுமா?"

"லோடு நனைஞ்சா வேல பூடும்."

"அப்ப எடுத்துனு போ. வேல பூட்டா இன்னாத்த துன்றது? சாயந்திரத்துக்குள்ள வந்துடுவ இல்ல?"

"வந்துடுவேன்."

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பக்கத்து முடிச்சை அவளே அவிழ்த்தாள். முதலாளியின் கிழிந்த பாயை வீட்டில் விட்டால் திருட்டு என்பார், அதை லோடு மேலேயே விட்டு அதற்கு மேல் என் பாயைக் கட்டினேன்.

மாமல்லபுரம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. வலப்பக்கம் கடல், காற்று வண்டியையே தள்ளியது. நடுவில் இறங்கிக் கையை விட்டுப் பார்த்தேன். பலகை சொட்டு நனையவில்லை. ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம்தான், இதே மேகம் வீட்டுப் பக்கம் நகர்வதைப் பார்த்தேன். ஏறி வண்டியை விரட்டினேன்.

ஓட்டல் வேலை நடக்கிற இடத்தில், சாமான்களை எண்ணி வாங்கி வைக்கிற ஸ்டோர்காரர் குடையோடு வந்தார். "மழையில இறக்க முடியாதுப்பா. பாய் போட்டபடி நிக்கட்டும், நாளைக்குப் பார்ப்போம்."

கையெடுத்துக் கும்பிட்டேன். வீட்டுக் கூரையை எடுத்து வந்திருக்கிறேன், பச்சைக் குழந்தை இருக்கிறது என்றேன். பக்கத்தில் அடுக்கியிருந்த கிரானைட் கற்களின் மேல் புத்தம்புதிய நீலத் தார்ப்பாய் மூடியிருந்தது. அதைக் கொடுங்கள், லோடு மேல் போட்டுவிட்டு என்னுடையதைக் கொண்டுபோகிறேன் என்றேன்.

"கல்லுல கறை புடிச்சா காசு நீ தருவியா?"

கல்லுக்குக்கூட ஒரு பாய் இருந்தது! கேபினில் ஏறி உட்கார்ந்து அழுதேன். மழை வலுத்தது. கண்ணை மூடினால் குழந்தையின் முகத்தில் சொட்டுகிற மாதிரியே இருந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. லோடு மேல் ஏறி என் பாயை அவிழ்த்தேன். அடியில் கிடந்த கிழிந்த பாயை இரண்டாக மடித்து அந்த இடத்தில் போட்டேன். பாதிக்குத்தான் எட்டியது. மீதிப் பலகைகள் என் கண்ணெதிரே நனைந்தன. ஸ்டோர்காரர் கத்திக்கொண்டே முதலாளிக்குப் போன் போட ஓடினார். சாவியை அவர் மேசையில் வைத்துவிட்டு நடந்தேன்.

நனைந்த தார்ப்பாய் ஓர் ஆள் கனம் இருக்கும். பஸ் கண்டக்டர் என்னைப் பார்த்ததும் ஏற்றாமலே விசில் கொடுத்துவிட்டார். மீன் வண்டி ஒன்று மாமல்லபுரம் வரை ஏற்றிக்கொண்டது. அங்கிருந்து ஒரு டெம்போ, கடைசித் தூரம் நடை. வழியெல்லாம் முதலாளியை, ஸ்டோர்காரரை, மழையை, என்னைப் பெற்றவர்களைக்கூடத் திட்டினேன்.

இருட்டுகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். கூரை உள்ளே விழுந்து கிடந்தது. வீட்டில் யாரும் இல்லை. தெருவில் நின்று கத்தினேன். எதிர்வீட்டுக்காரர்தான் மாதா கோயிலைக் கைகாட்டினார்.

அவள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள், யாருடையதோ புடவையில். கூரை விழும்வரை குழந்தையின் மேல் அலுமினிய அன்னக்கூடையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு உள்ளேயே இருந்தாளாம். குழந்தை தூங்கியது. தொட்டுப் பார்த்தேன், உடம்பு அனலாகக் கொதித்தது.

அவள் என் தோளில் இருந்த பாயைப் பார்த்தாள்.

"வண்டி எங்க?"

சொன்னேன். குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"நாங்க நனைஞ்சது பத்தலன்னு லோடையும் நனைச்சிட்டு வந்துகீறியா?"

தார்ப்பாயை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை.