எண்பது வயதுப் பாப்பாக்கள்

இன்று காலை எங்கள் ஊர் லூனாஸ் கிளினிக்கில் பிரஷர் மாத்திரைக்காகக் காத்திருந்தேன்.

தாதி, "பாப்பா" என்று கூப்பிட்டார். எண்பதைத் தாண்டிய மூன்று பெண்கள் ஒன்றாக எழுந்து நின்றார்கள்.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. தாதி கூப்பிட்டது வேறொரு பாப்பாவை என்று தெரிந்து என் பக்கத்தில் மறுபடி உட்கார்ந்தவரிடம், "என்னம்மா, பாப்பாவுக்கு இன்னும் தடுப்பூசி போடலையா?" என்றேன்.

நல்லவேளை, சிரித்தார்.

"ஜப்பான்காரன் காலத்துல பொறந்தவங்க தம்பி நாங்க. மூணு பேரும் ஒரே எஸ்டேட்டு. நான் பொறந்த மூணாம் நாளு எங்கப்பாவ சயாமுக்கு ரயில் பாதை போடப் புடிச்சிட்டுப் போயிட்டானுங்க. 'நான் வந்து பேரு வைக்கிறேன், அதுவரைக்கும் பாப்பான்னு கூப்புடு'ன்னு அம்மாகிட்ட சொன்னாராம். இவங்க வீட்டுலயும் அதே கததான்."

"வந்தாரா?"

"வந்திருந்தா சரஸ்வதின்னோ லெட்சுமின்னோ ஆகியிருப்பேன் லா."

"அப்புறமாவது ஐசி கார்டுல பேர மாத்தியிருக்கலாமே?"

"மாத்திட்டா, அவரு வந்து எந்தப் பேரச் சொல்லித் தேடுவாரு?"



அதற்குள் தாதி என் முழுப் பெயரைக் கூப்பிட்டார். அப்பா பஞ்சாங்கம் பார்த்து, என் காதில் மூன்று முறை சொல்லி வைத்த பெயர். பழசாக இருக்கிறதென்று இங்கே முகநூலில் 'வீரா' என்று வெட்டி வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பாப்பாக்களுக்கு என்ன வயதாகிறது, சொல்லுங்கள்.

வீரமுனியாண்டி கேட்கிறேன்.