இல்லாத உறுப்புக்கு நற்சான்று

முதல் தடவை அந்த வலி வந்தபோது மாஸ்டர் ஒரு வாடிக்கையாளருக்குப் பாதிக் கன்னம் மழித்திருந்தார். அடிவயிற்றின் வலப்பக்கம், ஈரத்துணியை யாரோ முறுக்கிப் பிழிவது மாதிரி இருந்தது. கத்தியைச் சட்டென்று விலக்கி மேஜையில் வைத்துவிட்டு, கண்ணாடிக்குக் கீழே இருந்த பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாற்காலியில் இருந்தவர் கண்ணைத் திறக்காமலேயே, என்ன மாஸ்டர், தூங்கிட்டீங்களா என்று கேட்டார். நுரை கொஞ்சம் ஊறட்டும்னு விட்டிருக்கேன் என்று சமாளித்தார் மாஸ்டர். வலி தணிந்ததும் மீதிக் கன்னத்தையும் முடித்து, முகத்தைத் துடைத்து அனுப்பினார். மனிதருக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

பேருந்து நிறுத்தத்தை ஒட்டி, மருந்துக்கடைக்குப் பக்கத்துக் கதவு அவருடைய சலூன். இரண்டு நாற்காலி போட்ட கடை. ஒன்றில் அவர் வேலை செய்வார், இன்னொன்றில் கூட்டாளி. கிருதாவை இரண்டு பக்கமும் ஒரே அளவில் நிறுத்துவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று பேர். ஆள் அதிகம் பேச மாட்டார். பேசினால் சிரிக்க வைத்துவிடுவார்.

மாஸ்டர் ஒரு திருநம்பி. ஒரு பஸ் கண்டக்டரின் வீட்டில் மூத்த மகள் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர். தான் மகள் இல்லை என்பது அவருக்குப் பேச்சு வந்த நாளிலிருந்தே தெரியும். வீட்டாருக்குப் புரியவைக்கத்தான் முடியவில்லை. பள்ளி முடிந்த கையோடு பெரிய சண்டை, கையில் ஒரு பையோடு வெளியேற்றம். வேறொரு ஊரில் ஒரு சலூனில் தரை கூட்டி, துண்டு துவைத்து, பிறகு கத்தரியைப் பிடித்துத் தொழில் கற்றார். டாக்டரிடம் முறையாகப் போய் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். குரல் உடைந்தது, தாடி வந்தது. அந்தத் தாடியோடு சொந்த ஊருக்கே திரும்பி, பிறந்த வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளிக் கடை போட்டார். விஷயம் தெரிந்தவர்கள் தெருவில் உண்டு, தெரியாதவர்களும் உண்டு. தெரிந்தவர்களுக்கும் தலைமுடி ஒழுங்காக வெட்டப்பட்டால் போதும் என்றிருந்தது.

கடை திறந்த கொஞ்ச நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்டக்டர் உள்ளே வந்தார். ஓய்வு பெற்று, நரைத்துப் போயிருந்தார். யாரையும் பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்து, "ஷேவிங்" என்று மட்டும் சொன்னார். மாஸ்டரும் ஒன்றும் கேட்காமல் வேலையை முடித்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அப்பா வருவார், கழுத்தை நீட்டிக்கொடுப்பார், எழுந்து போவார். அவர்களுக்குள் இருந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

வலி நாலாவது தடவையும் வந்தபோது, இனிமேல் சும்மா விடக்கூடாது என்று மாஸ்டர் டாக்டரிடம் போனார். முதலில் வாய்வுக் கோளாறு என்றார் டாக்டர். மாஸ்டர் மறைக்கவில்லை, நான் இன்னார், இன்ன ஊசி போட்டுக்கொள்கிறேன், எனக்குக் கர்ப்பப்பையும் சினைப்பையும் இன்னும் உள்ளேதான் இருக்கின்றன என்று சொன்னார். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். எப்போது தெரிந்தது, வீட்டில் என்ன சொன்னார்கள், கல்யாணம் ஆகிவிட்டதா, மேலே ஆபரேஷன் செய்தாயிற்றா, கீழே எப்போது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வலியைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. கடைசியில், எல்லாம் அந்த ஊசியால் வருவதுதான், நிறுத்திப் பாருங்கள், தானாகச் சரியாகும் என்றார். ஸ்கேன் எடுக்க வேண்டாமா என்று மாஸ்டர் விடாமல் கேட்டதால், பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

"வயித்துவலின்னு போனேன். வாழ்க்கை வரலாறு கேட்டு அனுப்பிட்டாரு" என்று கடைக்கு வந்து கூட்டாளியிடம் சொன்னார் மாஸ்டர்.

பெரிய ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் குறுக்கே நின்றது. ஆண் என்று பதிந்திருக்கும் ஆளுக்குச் சினைப்பை ஸ்கேன் போட்டால் அது ஏற்காதாம். கவுண்டரில் இருந்தவர் இரண்டு மூன்று தடவை தட்டிப் பார்த்துவிட்டு, பொதுவாக வயிறு ஸ்கேன் என்று போட்டுவிட்டார். ஆண்கள் பிரிவில் ஒருவர் குளிர்ந்த பசையைத் தடவி, கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் பார்த்தார். கொஞ்சம் கீழேயும் பாருங்கள் என்று மாஸ்டர் கேட்டதற்கு, எழுதியிருப்பதைத்தான் பார்க்க முடியும் என்றார்.

முடிவு வந்தது. எல்லாம் நார்மல். கடைசி வரியில், புராஸ்டேட் சுரப்பி இயல்பான அளவில் ஆரோக்கியமாக இருப்பதாக எழுதியிருந்தது. ஆண்கள் எல்லோருக்கும் ஒரே அச்சில் வார்த்த வரி. புராஸ்டேட் என்பது மாஸ்டருக்கு உடம்பிலேயே கிடையாது.

அவர் சிரித்தார். கூட்டாளியிடம் காட்டினார், அவரும் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்ததில் வயிறு மறுபடி முறுக்கிக்கொள்ள, மாஸ்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வியர்த்துக் கொட்டி, குமட்டி, எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. எழுந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"இல்லாததுக்கு நல்லா இருக்குன்னு சர்டிபிகேட் கொடுத்துட்டாங்க. இருக்கறதைப் பார்க்கத்தான் ஆள் இல்லை" என்றார்.

அன்றிலிருந்து அலைச்சல்தான். பெண்கள் பிரிவில் ஸ்கேனுக்குக் கையால் எழுதிய சீட்டில் தேதி வாங்கிப் போனால், ஆம்பளைங்களுக்கு உள்ளே இடமில்லை என்று வாட்ச்மேன் வாசலிலேயே நிறுத்தினார். விளக்கிச் சொல்லி உள்ளே போவதற்குள் டோக்கன் தாண்டிவிட்டது. அடுத்த தேதியில் உள்ளே போனார். ஸ்கேன் எடுக்கும் அம்மா, பெரிய டாக்டர் அனுமதி இல்லாமல் தொடமாட்டேன் என்றார். பெரிய டாக்டர் லீவில் இருந்தார். அதற்கடுத்த தேதியில் மிஷின் ரிப்பேர். ஒவ்வொரு தடவையும் கடையில் பாதி நாள் போனது. நின்றுகொண்டு வேலை செய்ய முடியாமல் மாஸ்டர் உயரமான ஸ்டூல் ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டார்.

கவுண்டர் பெண்மணி கெட்டவர் இல்லை. ஒருநாள் குரலைத் தாழ்த்தி, தனக்குத் தெரிந்த வழி ஒன்றைச் சொன்னார். தாடியை எடுத்துவிட்டு, ஒரு சுடிதார் போட்டுக்கொண்டு, பழைய பேரில் புதுசாகச் சீட்டு எடுத்தால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஒரே ஒரு நாள்தானே, யாருக்குத் தெரியப்போகிறது?

மாஸ்டர் அதை லேசில் தள்ளிவிடவில்லை. கடைக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்றார். தாடியை எடுப்பது அவருக்கு ஒரு வேலையே இல்லை. ஒரு நாளைக்கு எத்தனையோ தாடி எடுக்கிறவர். முகத்தில் கையை வைத்துப் பார்த்தபடி நெடுநேரம் நின்றார். பழைய பேரில் போனால் ஊசி போடுவதைச் சொல்ல முடியாது. நாளைக்கே உள்ளே ஏதாவது இருந்து கத்தி வைக்கும்படி ஆனால், மேஜையில் கிடப்பது யார் என்றே தெரியாமல் அறுப்பார்கள். அதோடு, வாழ்நாளெல்லாம் பாடுபட்டுச் சேர்த்த முகத்தை ஒரு ஸ்கேனுக்காகக் கழற்றிக் கொடுப்பதா?

"போனா இந்த மூஞ்சியோடதான் போவேன். வலி இந்த ஆளுக்குத்தான் வருது" என்றார் கூட்டாளியிடம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் தொண்டைக்குழிக்குக் கீழே கத்தி இருக்கும்போது வலி வந்தது. மாஸ்டர் கையை எடுத்துவிட்டார். கண்டக்டர் கண்ணைத் திறந்து கண்ணாடியில் பார்த்தார். பின்னால் நின்ற முகம் வெளிறி, உதடு கடிபட்டிருந்தது.

"என்ன உடம்புக்கு?" என்று கேட்டார். எத்தனையோ வருஷத்துக்கப்புறம் அப்பா கேட்ட முதல் கேள்வி.

மாஸ்டர் சொன்னார். நாளைக்கு மறுபடி தேதி வாங்கியிருப்பது வரை, கண்ணாடியைப் பார்த்தே முழுவதையும் சொல்லி முடித்தார். நுரை காய்ந்து போயிருந்த முகத்தோடு கண்டக்டர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, நாளைக் காலையில் நானும் வருகிறேன், அவர்களிடம் நான் பேசுகிறேன் என்றார்.

"பேசறதை நான் பேசிக்கறேன்பா. நீங்க பக்கத்துல உட்காருங்க, போதும்."

கண்டக்டர் தலையாட்டினார். மீதி ஷேவிங்கைக் கூட்டாளி முடித்தார்.

மறுநாள் திங்கட்கிழமை. பெண்கள் பிரிவு வாசலில் வாட்ச்மேன் வழக்கம்போல் கையை நீட்டினார். டோக்கன் என் பேரில்தான் இருக்கிறது, பாருங்கள் என்று காட்டிவிட்டு மாஸ்டர் நடந்தார். பின்னாலேயே கண்டக்டர். கூட்டம் நிறைந்த பேருந்தில் ஆளை விலக்கிப் போய்ப் பழகிய மனிதர். யார்மேலும் இடிக்காமல் வழி பண்ணிக்கொண்டு போய் பெஞ்சு ஓரத்தில் இடம் பிடித்துவிட்டார். சுற்றிலும் வயிற்றைத் தள்ளிக்கொண்டும் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டும் பெண்கள். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, யாருக்குப்பா உடம்பு சரியில்லை, சம்சாரத்துக்கா என்று கேட்டார். எனக்குத்தாம்மா என்றார் மாஸ்டர். அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் மடியில் இருந்த பையைத் தரையில் இறக்கிவிட்டு, கொஞ்சம் நகர்ந்து, சரி, நல்லா சாய்ஞ்சு உட்காரு என்றார்.

முறை வந்தது. ஸ்கேன் அம்மா பழைய பாட்டையே பாடினார்: அனுமதி வேண்டும், இன்னொரு நாள் வாருங்கள். மாஸ்டர் குரலை உயர்த்தவில்லை. வாடிக்கையாளரிடம் எந்தப் பக்கம் வகிடு என்று கேட்கும் அதே குரலில் சொன்னார்:

"இன்னொரு நாள் வரமாட்டேன்மா. அனுமதி கொடுக்கறவங்க எங்க இருக்காங்களோ கூப்பிடுங்க. அவங்க வர்ற வரைக்கும் நான் இங்கயேதான் உட்கார்ந்திருப்பேன். நீங்க அடுத்த ஆளைப் பாருங்க, நான் தடுக்கலை."

கதவை ஒட்டியிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். வாட்ச்மேனைக் கூப்பிட்டார்கள். ஒரு அதிகாரி வந்து கத்திவிட்டுப் போனார். வலி மறுபடி முறுக்க, வலப்பக்கத்தைப் பிடித்துக்கொண்ட மாஸ்டர் எழுந்திருக்கவில்லை. ஆட்கள் போனார்கள், வந்தார்கள். மதியம் தாண்டியதும் ஒரு பெண் டாக்டர் சாப்பிட்ட கை ஈரம் காயாமல் வந்தார். சத்தத்தைக் கேட்டு வந்தாரா, யாராவது சொல்லி வந்தாரா தெரியாது. மாஸ்டருக்கு முன்னால் குனிந்து, "வலி எந்த இடத்துல?" என்று கேட்டார்.

இத்தனை அலைச்சலில் யாரும் கேட்காத கேள்வி அது. மாஸ்டர் விரலை வைத்துக் காட்டினார். டாக்டர் அங்கே லேசாக அழுத்திவிட்டு எடுத்ததும் மாஸ்டர் உடம்பு துள்ளியது. டாக்டர் திரும்பி, மேஜையைக் காலி பண்ணுங்க என்றார். கம்ப்யூட்டர் எடுக்காது மேடம் என்று யாரோ சொன்னார்கள். கம்ப்யூட்டர் அப்புறம் எடுத்துக்கட்டும், இப்போது மிஷினை எடுங்கள் என்றார் டாக்டர்.

வலது சினைப்பையில் பெரிய கட்டி. அதன் பாரத்தில் சினைப்பை காம்போடு திருகிக்கொண்டு கிடந்தது. முன்பெல்லாம் திருகித் திருகித் தானாக அவிழ்ந்திருக்கிறது. இந்தத் தடவை அவிழவில்லை. அன்றே ஆபரேஷன் என்று முடிவானது.

நர்ஸ் அவசரமாக விவரம் கேட்டுக்கொண்டு வந்தார். கண்டக்டரைப் பார்த்து, நீங்கள் யார், இவர் உங்களுக்குப் பையனா பெண்ணா, எப்படிப் போட்டுக்கொள்ள என்று கேட்டார்.

"அவன்கிட்டயே கேளுங்கம்மா. முழிச்சுக்கிட்டுத்தானே இருக்கான்" என்றார் கண்டக்டர்.

அதுவரை அவர் மூத்த பிள்ளையைப் பற்றி வெளியே பேசினால், அது வந்துச்சு, அது போச்சு என்றுதான் பேசுவார். அவன் என்றோ அவள் என்றோ சொல்லித் தொலைக்க நேரும் இடங்களை எல்லாம் சுற்றிக்கொண்டு போய்விடுவார். இப்போது அந்த வார்த்தை வாயிலிருந்து வந்ததை அவர் கவனித்த மாதிரியே தெரியவில்லை. தள்ளுவண்டியில் படுத்திருந்தவர் கவனித்தார்.

கட்டியோடு சினைப்பையையும் எடுக்க வேண்டியதாயிற்று. மறுநாள் பெண் டாக்டர் கட்டிலோரம் நின்று, கட்டி ஆபத்தானது மாதிரித் தெரியவில்லை, இருந்தாலும் சோதனைக்கு அனுப்பியிருக்கிறேன் என்றார். முதல் ஸ்கேனிலேயே பார்த்திருந்தால் சினைப்பையைக் காப்பாற்றியிருக்கலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். ஆனால், உங்களுக்கு அது பெரிய இழப்பாக இருக்காது என்று நினைக்கிறேன் என்று இழுத்தார்.

"எனக்கு அது வேணுமா வேண்டாமாங்கறது வேற விஷயம் டாக்டர். அதை நான் யோசிச்சு முடிவு பண்ணியிருக்கணும். அதுக்குள்ள உங்க ஆஸ்பத்திரி வரிசை முடிவு பண்ணிடுச்சு."

 நீங்கள் சொல்வது சரி என்றார் டாக்டர். ஊசியை நிறுத்தத் தேவையில்லை, அதற்கும் இந்தக் கட்டிக்கும் முடிச்சுப் போட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

சோதனை முடிவும் லேசில் வரவில்லை. சாம்பிள் ஆண் பேரில் இருக்கிறது, உறுப்பு பெண் உறுப்பாக இருக்கிறது, மாறிப்போயிருக்கும் என்று லேபில் ஓரங்கட்டி வைத்திருந்தார்கள். தையல் பிரிக்க வந்த அன்றைக்கே மாஸ்டர் லேபுக்குப் படியேறிப் போய், மாறவில்லை, அது என்னுடையதுதான், ஆளே வந்திருக்கிறேன் என்று நின்றார். அந்த வாரமே முடிவு கிடைத்தது. புற்று இல்லை.

கடைக்குத் திரும்பி, பழையபடி நின்று வேலை செய்ய முடிந்ததும், அவர் ஆஸ்பத்திரித் தலைமை டாக்டரைப் பார்க்கப் போனார். புராஸ்டேட் நற்சான்றை மேஜைமேல் விரித்து வைத்தார். தலைமை டாக்டர் படித்துப் பார்த்து நெற்றியைத் தடவினார். வருத்தம் தெரிவித்தார். இனி உங்களுக்கு இந்தச் சிரமம் வராது, உங்கள் பதிவில் தனியாகக் குறித்து வைக்கச் சொல்கிறேன் என்றார்.

"எனக்கு வேலை முடிஞ்சுடுச்சு சார். நாளைக்கு என்னை மாதிரி ஒருத்தர் வருவாரு. அவருக்கும் கம்ப்யூட்டர் மாட்டேன்னு சொல்லும். அதை மாத்தணும்."

அதற்கு நாளாகும், மேலே கேட்க வேண்டும், கம்ப்யூட்டர் பார்க்கிறவர் வேறு கட்டிடத்தில் இருக்கிறார் என்று தலைமை டாக்டர் அடுக்கினார். எந்தக் கட்டிடம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார் மாஸ்டர். நானே போய் அவரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், நீங்கள் இங்கேயே இருங்கள் சார் என்று சொல்லிவிட்டு எழுந்து, படியிறங்கிப் போனார்.