மோட்டார் காசு

என் வீட்டுக்காரர் காலையில் கண் விழித்ததும் முதலில் பார்ப்பது என் முகத்தை அல்ல, செல்போனை. பாயில் படுத்தபடியே மெசேஜ் பெட்டியைத் திறந்து, பேங்க்காரன் ஏதாவது அனுப்பியிருக்கிறானா என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேடுவார். ஒன்றும் இல்லையென்றால் டீ கேட்பார். ஏதாவது இருந்தால் டீயை மறந்துவிட்டுச் சட்டையைத் தேடுவார். அதை வைத்தே அன்றைக்கு மீன் வாங்கலாமா, ரசத்தோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று முடிவு செய்ய நான் பழகிவிட்டேன்.

பேர் நீலமேகம். மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கான்ட்ராக்ட் வேலை. கேட்டில் நின்று, உள்ளே வருகிற பெட்டி, வெளியே போகிற பெட்டி எல்லாவற்றின் நம்பரையும் கதவில் வைத்த சீலையும் பார்த்து எழுத வேண்டும். வெயிலில் நின்று நின்று ஆள் கருகிப் போயிருக்கிறார், எழுத்து மட்டும் அச்சடித்த மாதிரி இருக்கும். அதில் அவருக்குப் பெருமை தாங்காது. வீட்டுப் பால் கணக்கைக்கூட அப்படித்தான் எழுதுவார், நான் சிரித்தால் கோபம் வரும்.

இந்த மெசேஜ் பைத்தியம் பிடித்தது ஃபிரிட்ஜ் வாங்கிய வருஷம். தவணை தேதியன்று கணக்கில் வேண்டியதைவிட நூறு ரூபாய்க்கும் கீழேதான் குறைவாக இருந்தது. தவணை திரும்பிப் போய்விட்டது. அதற்கு பேங்க் ஒரு அபராதம் போட்டது, கடன் கொடுத்த கம்பெனி தனியாக ஒன்று போட்டது. மனுஷன் அன்றைக்குச் சோற்றில் கை வைக்கவில்லை. "துட்டு இல்லன்னு சொல்லியே துட்டு புடுங்கறானுங்கமே" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

அதற்குப் பிறகு உஷாராகிவிட்டார். தவணைக்கு முன்னால், கணக்கில் பணம் வையுங்கள் என்று மெசேஜ் வரும். வந்த நிமிஷம் ஓட்டம்தான். யார்டில் யாரிடமாவது கைமாற்று வாங்கி, திருவொற்றியூர் ஹைரோட்டில் பணம் போடுகிற மெஷினில் போட்டுவிட்டு, "போட்டாச்சு ஜெயா" என்று எனக்குப் போன் செய்வார். அப்புறம் ஒரு ரூபாய் அபராதம் கட்டியதில்லை. மெசேஜ் வந்தால் ஓட வேண்டும், வராவிட்டால் பயமில்லை. அவருக்குத் தெரிந்த பேங்க் சட்டம் இவ்வளவுதான்.

எர்ணாவூர் குடியிருப்பில் எங்கள் பிளாக்கில் இருபத்து நாலு வீடு. பொதுச் செலவுக் கணக்கு முழுக்க இவர் கையில்தான் இருந்தது. யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. "நீலமேகம் அண்ணன்கிட்ட குட்த்துடு" என்று ஒருத்தர் சொல்லி, எல்லாரும் அப்படியே செய்யத் தொடங்கி, அது நிலைத்துவிட்டது. பொதுக் காசில் ஒரு டீ குடிக்க மாட்டார். குழாய் ரிப்பேருக்கு வந்தவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தால்கூட அது எங்கள் வீட்டுக் காசுதான். இதற்காக நான் சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் வெளியே போகும்போது நாலு பேர் நின்று பேசிவிட்டுப் போவார்களே, அந்த மரியாதை எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

சில்லறைச் செலவுக்குக் கையில் காசு வாங்குவார். பெரிய செலவு வந்தால் மட்டும் போனில் அனுப்பச் சொல்வார். அதற்கென்று ஒரு கணக்கைத் தனியாக வைத்திருந்தார். அது அவருடைய பழைய சம்பளக் கணக்கு. யார்டில் கான்ட்ராக்டர் மாறியபோது புது ஆள் வேறு பேங்க்கில் கணக்கு திறக்கச் சொல்லிவிட்டார். பழையது சும்மா கிடந்தது. நம் காசும் ஊர்க் காசும் ஒன்றாகக் கலக்கக் கூடாது என்று இவர் அதைப் பிளாக்குக்கு ஒதுக்கினார். நல்ல எண்ணம்தான், அதை நான் குறை சொல்லவில்லை.

பிறகுதான் தெரிந்தது, சம்பளம் வருவது நின்றுவிட்டால் அதே கணக்கில் எப்போதும் ஒரு தொகை இருந்தாக வேண்டுமாம். இல்லையென்றால் மாதாமாதம் அபராதமாம். அதைச் சொல்லி மெசேஜும் அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் அந்த பேங்க்கில் கொடுத்திருந்தது அவருடைய பழைய நம்பர். ஒரே போனில் இரண்டு சிம் போட்டிருந்தார். இரண்டுக்கும் ரீசார்ஜ் செய்து கட்டுப்படியாகவில்லை என்று பழைய சிம்முக்குப் போடுவதை நிறுத்திவிட்டார். கொஞ்ச நாளில் அதற்கு மெசேஜ் வருவதும் நின்றுபோனது. பேங்க் எதுவும் சொல்லவில்லை, அதனால் ஒன்றும் பிரச்சினை இல்லை என்று இவர் பாட்டுக்கு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கோடையில் பிளாக் மோட்டார் எரிந்துபோனது. கீழே சம்ப் என்கிற தரைத்தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, மாடித் தொட்டிக்கு ஏற்ற வழியில்லை. திருவொற்றியூர் தேரடிப் பக்கம் மோட்டார் கடை வைத்திருக்கும் இசக்கிப்பாண்டி வந்து பார்த்தார். திருநெல்வேலிக்காரர், சுற்றி வளைத்துப் பேச மாட்டார். "இதுக்கு இனிமே காயில் கட்டி பிரயோஜனமில்ல அண்ணாச்சி. புதுசு போட்டுருங்க" என்றார். வீட்டுக்கு ஐந்நூறு என்று முடிவானது. முதலில் அனுப்பியது மூன்றாவது மாடி பச்சையம்மா. காசிமேட்டில் இறால் விற்கிறவள், தட்டோடு க்யூஆர் அட்டை வைத்திருக்கிற ஆள். அவளைப் பார்த்து மற்றவர்களும் அனுப்ப, ஒவ்வொருவர் அனுப்பியதும் போனில் காட்டியது. இவர் பேர் பேராக டிக் போட்டுக்கொண்டார். இருபத்து நாலும் வந்ததும் கடைக்குக் கிளம்பினார்.

மத்தியானமே திரும்பி வந்துவிட்டார். கையில் மோட்டார் இல்லை. கீழே சம்ப் அருகில் கயிறு கட்டி வாளி விட்டு இறைத்துக்கொண்டிருந்தவர்கள் விசாரித்தார்கள்.

"இன்னாண்ணா, மோட்டார் எங்க?"

"பேங்க்ல சர்வர் டவுனா கீதாம். நாளைக்கு ஆய்டும்."

சரிண்ணா என்று அவரவர் வேலையைப் பார்த்தார்கள். சொன்னது வேறு யாராவது என்றால் நாலு கேள்வி கேட்டிருப்பார்கள்.

வீட்டுக்குள் வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் அடுப்படியில் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நான் அடுப்பை அணைத்தேன்.

"ஜெயா, துட்டு பூட்ச்சுமே."

"எந்த துட்டு?"

"மோட்டார் துட்டு. பாதிக்கு மேல இல்ல."

கடையில் இசக்கிப்பாண்டிக்குப் பணம் அனுப்பப் பார்த்தால், கணக்கில் போதிய பணம் இல்லை என்று வந்திருக்கிறது. நேரே பேங்க்குக்குப் போயிருக்கிறார். அங்கே இருந்த சின்னப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்து, "மினிமம் பேலன்ஸ் வைக்கலையே சார். ஒரு வருஷமா சார்ஜ் பெண்டிங்ல இருக்கு. கணக்குல பணம் வந்ததும் தானா எடுத்துக்கும்" என்றாளாம். அது ஊர்க் காசு என்று இவர் சொல்லியிருக்கிறார். "உங்க பேர்ல இருக்கிற கணக்குதானே சார்? மாசாமாசம் எஸ்எம்எஸ் அனுப்பியிருக்கோமே" என்றாளாம். எழுந்து வந்துவிட்டார்.

காசு வர வர பேங்க் எடுத்துக்கொண்டிருக்கிறது. போனில் வந்தது மட்டும்தான் தெரிந்தது, போனது தெரியவில்லை. முதலில் அனுப்பிய பதினாலு வீட்டுக் காசு காலி. கேட்டதும் வெளியே கேட்காதபடி பல்லைக் கடித்துக்கொண்டு திட்டித் தீர்த்தேன். அடுத்தவன் காசைத் தொடாத யோக்கியன், கடைசியில் அடுத்தவன் காசில் அபராதம் கட்டினாயே என்று என் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "மெசேஜ் வர்லமே. வந்திருந்தா நான் வுட்டிருப்பனா?"

கான்ட்ராக்டரிடம் அட்வான்ஸ் கேட்டிருக்கிறார், அந்த ஆள் அடுத்த வாரம் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். அதுவரைக்கும் சர்வரைச் சொல்லித் தள்ளிவிடலாம், காசு வந்ததும் மோட்டாரை மாட்டிவிடலாம், யாருக்கும் தெரியப் போவதில்லை என்பது அவருடைய கணக்கு. நானும் வாயை மூடிக்கொண்டேன். இன்னொருத்தர் முகத்தில் விழிக்க எனக்கும் தைரியம் இல்லை.

மறுநாளும் சர்வர் டவுன். அதற்கடுத்த நாளும் சர்வர் டவுன். பொய் சொல்லிப் பழகாத மனுஷன், சொல்லும்போது தரையைப் பார்த்துச் சொன்னார். அதையும் களைப்பு என்று நினைத்துக்கொண்டார்கள். நான் தண்ணீர் எடுக்கக் கீழே போவதைத் தள்ளிப் போட்டேன். எல்லாரும் இறைத்துவிட்டுப் போன பிறகு திருடி மாதிரி போய் இரண்டு குடம் கொண்டு வருவேன். படியில் யாராவது எதிரே வந்தால் குடத்தை இடுப்பு மாற்றுகிற சாக்கில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அந்த மூன்றாவது நாள் அப்படித் திரும்ப முடியவில்லை. பச்சையம்மா ஒரு குடத்தோடு ஏறி வந்தவள் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள். முட்டி தேய்ந்துபோன காலை இரண்டு கையாலும் பிடித்து நீட்டிக்கொண்டாள். பாதி வழியிலேயே குடத்துத் தண்ணீர் புடவையெல்லாம் சிந்தியிருந்தது.

"கால் நோவுது ஜெயா. செத்த குந்திட்டு போறேன்" என்றாள். பிறகு மூச்சு வாங்கியபடி அவளே, "உன் வூட்டுக்காரரு இன்னா பண்ணுவாரு, பாவம். வேலையவும் வுட்டுட்டு பேங்க்குக்கு அலஞ்சுகினு கீறாரு. இந்தப் பேங்க்காரனுங்களால அந்த ஆளுக்குத்தான் பேஜாரு" என்றாள்.

நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் அவள் வீட்டில் வைத்தேன். "நல்லா இரும்மா" என்றாள். அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கீழே வந்து அவரிடம், "நீயா சொல்றியா, இல்ல நான் போய் சொல்லட்டா?" என்றேன். அவர் கெஞ்சினார். இன்னும் நாலு நாள்தானே ஜெயா என்றார். நான் கதவைத் திறந்து வைத்தேன்.

சாயங்காலம் சம்பைச் சுற்றி ஆள் நிறைய இருந்தபோது போய் நின்றார். நான் படிக்கட்டிலேயே நின்றுகொண்டேன்.

"சர்வரெல்லாம் இல்ல" என்றார். "என் கணக்குல அபராதம் நின்னுகினு இருந்துச்சு. எனக்கு தெரியல. நீங்க போட்ட துட்ட அதுக்குப் புடிச்சிகினாங்க. நான் கட்டிடுவேன்."

வாளி இறைப்பது நின்றது. பிறகு எதிர் வீட்டு ஹில்டா கேட்டாள். அவள் குரலில் கோபமே இல்லை.

"உங்களுக்கு எப்போ தெரியும்ணா?"

"அன்னிக்கே தெரியும்."

"அப்போ இத்தினி நாளா எங்களுக்கு சொன்னது?"

அவள் மேலே எதுவும் கேட்காமல் வாளியைச் சம்புக்குள் விட்டாள். பச்சையம்மா மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தாள். வாசலில் அவள் பரிதாபப்பட்டபோது நானும் எல்லாம் தெரிந்துதான் நின்றிருந்தேன் என்பது அவளுக்கு அப்போது புரிந்திருக்கும். நான் படியேறி உள்ளே போய்விட்டேன்.

அட்வான்ஸ் வந்தது. போதாததற்கு என் ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தேன். இசக்கிப்பாண்டி வந்து புது மோட்டாரை மாட்டினார், எல்லா வீட்டிலும் தண்ணீர் வந்தது. யாரும் எங்களை ஒரு சொல் சொல்லவில்லை. வழியில் பார்த்தால் எப்போதும் போல, "வேலைக்கா அண்ணா?" என்று கேட்டார்கள். எனக்கு ஆறுதலாக இருந்தது. முடிந்துபோன விஷயம் என்று அவருக்கும் சொன்னேன். அவர் பழைய சிம்முக்கு ரீசார்ஜ் போட்டுக்கொண்டார்.

அப்புறம் மோட்டாருக்குக் கரண்ட் பில் வந்தது. வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்து எழுதி, ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். வழக்கமாக அப்படித்தான் உட்கார்ந்து வாங்குவார். நான் உள்ளே மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

முதலில் வந்தது ஹில்டா. மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்த புடவையோடு, கையில் ரூபாயை மடித்து வைத்துக்கொண்டு வந்தாள். இவர் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பார்க்காத மாதிரி, அவர் தலைக்கு மேலே வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஜெயாக்கா இல்ல?"

"கீறா, மீன் கழுவிகினு கீறா. என்கிட்ட குடும்மா."

"பரவால்லண்ணா. அக்கா வர்ட்டும்."

மரியாதையாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள். நீட்டிய கையை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு எழுந்து, ஸ்டூலை ஓரமாக நகர்த்தி, அவள் உள்ளே வர வழி விட்டார்.

நான் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து காசை வாங்கினேன்.

"எண்ணிக்குங்கக்கா" என்றாள்.

அவர் எதிரிலேயே எண்ணினேன்.