அவருக்கு ஒரு நாள், எனக்கு மறுநாள்

என் மகள் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறாள். போன மாதம் வந்திருந்தபோது மலேரியாக் கிருமியின் பூர்வீகத்தைச் சொன்னாள். ஒற்றைச் செல் உயிராம். அதன் மூதாதை ஏரிப் பாசி மாதிரி பச்சையாகத் தண்ணீரில் கிடந்து, வெயிலில் தன் சாப்பாட்டைத் தானே ஆக்கிக்கொண்டதாம். பிறகு ஏதோ ஒரு பிராணியோடு ஒட்டிக்கொண்டது. அங்கே ஆக்கி வைத்த சோறு கிடைத்தது. கோடிக்கணக்கான வருஷம் உட்கார்ந்து தின்றதில் சமையலே மறந்துபோய், கடைசியில் கொசு மேல் ஏறி வந்து நம் ரத்தத்தில் குடித்தனம் வைத்துவிட்டதாம்.

"உங்கப்பா கதையத்தான சொல்ற?" என்றேன். ஈசிச்சேரில் இருந்தவர் பேப்பரை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டார்.

எங்கள் கல்யாணத்தையே அந்தக் கிருமி கெடுக்கப் பார்த்தது. நாற்பதுகளில், உலகச் சண்டை நடந்த சமயம். வத்தல்மலை அடிவாரத்தில் எங்கள் ஊர். வீட்டுக்கு வீடு முறைக்காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள், கூப்பிட்டு வைத்தாற்போல வரும். சண்டையால் கொயினா மாத்திரையும் கிடைக்கவில்லை. களையெடுப்பு, சந்தை, விருந்து எல்லாமே காய்ச்சல் இல்லாத நாளாகப் பார்த்துத்தான். சம்பந்தம் பேசினாலும் ஜாதகத்துக்கு முன்னால், "காச்ச என்னிக்கு?" என்பார்கள்.

பக்கத்து ஊர்க்காரர் அவர். மாரியம்மன் திருவிழாவில் பார்த்ததிலேயே எனக்குப் பிடித்துவிட்டது. அவருக்குக் காய்ச்சல் இல்லாத நாளாகப் பார்த்துத் தாம்பூலம் மாற்ற வந்தார்கள். வந்து பார்த்தால் நான் உள்ளே கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருக்கிறேன். அவருக்கு இல்லாத நாள் எனக்கு, எனக்கு இல்லாத நாள் அவருக்கு! எந்த முகூர்த்தம் வைத்தாலும் மணையில் ஒருவர் நடுங்கியாக வேண்டும்.

"பொண்ணு மணையில நடுங்கினா, புடிக்காத எடத்துல தள்றோம்னு ஊரு பேசுமுங்க" என்றார் என் அப்பா.

"எம் மவன் நடுங்கிக்கிட்டே தாலி கட்டினா, பயந்தாங்கொள்ளின்னு சிரிக்க மாட்டாங்களா?" என்றார் அவருடைய அம்மா. வெற்றிலைத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தேவிட்டார். "பொருந்தலீங்க. நாங்க வேற எடம் பாக்கறோம்."

அய்யோ, எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவரில்லாமல் வேறொருவனா?

அப்போதுதான், பெரியவர்கள் நடுவில் வாயைத் திறக்கக் கூடாத மாப்பிள்ளை வாயைத் திறந்தார். "மாமா, ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல வந்தா வூட்டுல அடுப்ப யாருங்க பத்தவெக்கறது? அது படுத்தா நான் களி கிண்டறேன். நான் படுத்தா அது கிண்டட்டும். இதவிட என்னங்க பொருத்தம் வேணும்?"

"களி கிண்டுவியாடா நீ?" என்று முணுமுணுத்தபடியே அவருடைய அம்மா திரும்ப உட்கார்ந்தார்.

என் முறை நாளிலேயே முகூர்த்தம் வைத்தார்கள். கூறைப்புடவை மேல் போர்த்தியிருந்த கம்பளியை விலக்கித் தாலி கட்டினார். கை துளியும் நடுங்கவில்லை. மறுநாள் அதே கம்பளி அவருக்கு. சொன்ன சொல் தவறாமல் என் நாட்களில் களியும் கிண்டினார். கட்டி கட்டியாக இருக்கும், ஆனாலும் கிண்டினார். சண்டை முடிந்து மருந்து வந்தது, காய்ச்சல் ஒழிந்தது. அன்றைக்குக் களித்துடுப்பைக் கீழே வைத்த மனுஷன்தான். ஐம்பது வருஷமாக ஆக்கி வைத்த சோறு. காய்ச்சல் போனதில் எனக்கு இந்த ஒரு வருத்தம் உண்டு.

மகள் விடவில்லை. "முழுசா மறக்கலம்மா. அந்தப் பழைய பச்சையோட மிச்சம் கிருமிக்குள்ள இன்னும் இருக்கு. இப்ப அது வெயில்ல சமைக்கறதில்ல. ஆனா அது இல்லாம கிருமி பொழைக்காது."

"உங்கப்பாகிட்ட அப்படி மிச்சம் மீதி ஒண்ணும் கெடையாது" என்றேன்.

அவள் ஊருக்குப் போன மறுநாள் எனக்குச் சாதாரணச் சளிக்காய்ச்சல். போர்த்திப் படுத்திருந்தேன். சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் வெகுநேரம் கேட்டது. பிறகு தட்டோடு வந்து நின்றார். இந்த வயதில் காய்ச்சல் இல்லாமலே அவருக்குக் கை நடுங்கும்.

"இன்னிக்கு உன் மொற" என்றார்.

களியில் அதே கட்டிகள். குழம்பில் உப்பில்லை. ஒரு கவளம் விடாமல் தின்றேன்.